எண்ணுவதா, உட்கார்ந்து கேட்பதா, கூடச் சேர்ந்து செய்வதா?

சமூகப்பணியில் முதுகலை முடித்த மூன்று பேர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கையில் பத்து மாதத்துக்கான சிறிய நிதி இருக்கிறது. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமங்களில் சாதி மனிதர்களின் உடல்நலத்தை எப்படித் தொடுகிறது என்று ஆராய வேண்டும். கேள்வியில் மூவருக்கும் சண்டையில்லை; சண்டை வழியில்தான். அரசு சேகரித்த புள்ளிவிவரம் இருக்கும்போது தெருத் தெருவாக அலைவானேன் என்றார் ஒருவர். அறுநூறு வீட்டில் வினாப்படிவம் நிரப்பாமல் எதையும் நிறுவ முடியாது என்றார் இரண்டாமவர். இருபது குடும்பங்களோடு ஆறு மாதம் உட்கார்ந்தால் போதும் என்பது மூன்றாமவரின் கட்சி. அந்த மக்களையே ஆய்வாளர்களாக்கிவிடலாம் என்ற நான்காவது யோசனையும் நடுவில் வந்து போனது. அன்றிரவு அவர்களிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

அவர்கள் கொண்டுவந்த கோப்பில் பெரும்பாலும் அமெரிக்க இனப் பாகுபாடு பற்றிய கட்டுரைகள். அதில் தவறில்லை. இந்தத் துறையில் நூறு ஆண்டுக்கு மேல் உழுத நிலம் அது. 1896இல், 28 வயதில், கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் பிலடெல்பியாவின் ஏழாவது வட்டத்தில் குடியேறி, ஏறக்குறைய 2,500 கறுப்பினக் குடும்பங்களைத் தனி ஆளாக வீடு வீடாகச் சென்று விசாரித்தார். அங்கே சாவு அதிகம். காரணம் இரத்தத்தில் இல்லை, காற்றுப் புகாத வீட்டிலும் அழுக்குத் தண்ணீரிலும் கிடைக்காத வேலையிலும் இருக்கிறது என்று 1899இல் எழுதினார். பிறகு 1992இல் பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லின் ஜெரோனிமஸ் ஒரு கருத்தை வைத்தார்: ஓயாத அவமதிப்பும் நெருக்கடியும் கறுப்பினப் பெண்களின் உடலை வயதுக்கு முன்பே தேய்த்துவிடுகின்றன. வெயிலிலும் மழையிலும் கிடந்து கல் பொரிந்துபோவதைப் போன்ற தேய்மானம். இன்றும் அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறக்கும் விகிதம் வெள்ளையரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆனால் இதை அப்படியே பெயர்த்து இங்கே நடும்போது ஓர் எச்சரிக்கை தேவை. சாதியை இனமாகப் பார்க்கும் ஆசை இந்த மண்ணில் ஒருமுறை வந்து போயிருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னாட்டுச் சாதிகளின் மூக்கையெல்லாம் கருவி வைத்து அளந்தார். சாதி என்பது இனப் பிரிவு அல்ல என்று அம்பேத்கர் அத்தகைய மூக்களவுகளையே எடுத்து வைத்து மறுத்தார். 2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. மாநாட்டில் சாதியையும் இனவெறிப் பட்டியலில் சேர்க்கலாமா என்ற வாக்குவாதம் எழுந்தபோது இந்திய அரசு எதிர்த்தது. மறு ஆண்டே ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு, பிறப்பு வழியாக வரும் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று பரிந்துரை வெளியிட்டது. எனக்கு இதில் ஒரே ஒரு பாடம்தான் தேவைப்படுகிறது. அட்டவணையில் ‘சாதி’ என்று ஒரு கட்டம் போட்டு அதற்கு நேரே இரத்தசோகை விகிதத்தை எழுதினால், படிப்பவர் மனத்தில் சாதியே நோய்க்குக் காரணமாகிவிடும். நோயாக்குவது சாதி காட்டும் நடத்தை. அந்த நடத்தையை எந்த வழி பிடித்துக் காட்டுகிறதோ அதைத்தான் தேர வேண்டும். நால்வகை வழிகளையும் நான் இந்த ஓர் உரைகல்லில்தான் தேய்த்துப் பார்த்தேன்.

முதல் வழியான அரசுப் புள்ளிவிவரத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. நாடு முழுவதும் 707 மாவட்டங்கள், 6,36,699 வீடுகள். வகுத்தால் மாவட்டத்துக்குச் சராசரி 900 வீடு. 2011 கணக்கெடுப்பின்படி திருநெல்வேலி மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குச் சற்று மேல்; ஆக நமக்குக் கிடைப்பது சுமார் 165 வீடு. அதில் அண்மையில் பிரசவம் நடந்த வீடுகளை மட்டும் பிரித்தால் சில டஜன்தான் மிஞ்சும். பழங்குடியினர் மாவட்டத்தில் அரை சதவீதம்கூட இல்லை என்பதால் 900 வீட்டில் மூன்று வீடு வந்தால் பெரிது. இன்னொன்று, அந்த ஆய்வு 2017 மார்ச்சில் இருந்த மாவட்ட எல்லைகளை வைத்து நடந்தது. தென்காசி பிரிந்ததோ 2019 நவம்பரில். அந்தத் தாளில் ‘திருநெல்வேலி’ என்று இருப்பது செங்கோட்டையையும் சங்கரன்கோவிலையும் சேர்த்த பழைய திருநெல்வேலி. தெரியாமல் எடுத்துப் போட்டு மேற்கோள் காட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய குறை வேறு. பட்டியல் சாதி என்ற ஒரே கட்டத்துக்குள் எல்லோரும் அடைக்கப்படுகிறார்கள். நிலமும் படிப்பும் ஓரளவு கைவந்த சமூகமும், பட்டியல் சாதியினரின் துணியை வெளுத்து அவர்களிடமும் கீழாக நடத்தப்பட்ட புதிரை வண்ணார்களும் அங்கே ஒன்று. கண்ணில் படுவதே தீட்டு என்று ஒதுக்கப்பட்டு, இரவில் மட்டும் வெளியே வந்து வேலை செய்தவர்கள் என்று 1932இல் ஒரு நாளிதழ் எழுதியது இதே திருநெல்வேலி மாவட்டத்தைப் பற்றித்தான். 2009இல் அவர்களுக்கென்று மாநில அரசு தனி நலவாரியம் அமைத்தது. சராசரி எடுத்தால் இவர்கள் காணாமல் போகிறார்கள். எனவே அரசுப் புள்ளிவிவரத்தை அறிக்கையின் முன்னுரையில் ஒரு பத்திக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

வினாப்படிவத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மூவரில் அதிகம் தயாராகி வந்தவர் அதைச் சொன்னவர்தான்.

கணக்கை முதலில் பார்ப்போம். மருத்துவமனையில் மரியாதைக் குறைவாக நடத்தப்பட்டதாக ஒரு பிரிவில் நூற்றுக்கு முப்பது பேரும் இன்னொரு பிரிவில் இருபது பேரும் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த வித்தியாசம் தற்செயல் இல்லை என்று வழக்கமான புள்ளியியல் அளவுகோலில் காட்ட, ஒவ்வொரு பிரிவிலும் ஏறக்குறைய 300 பேர் தேவை. ஒரே தெருக்காரர்கள் ஒரே செவிலியரையும் ஒரே தண்ணீர்த் தொட்டியையும் நம்பி இருப்பவர்கள். அவர்கள் பதில் ஒன்றுபோல் இருக்கும். அதற்கு ஈடுகட்ட எண்ணிக்கையை இரட்டிக்க வேண்டும். அறுநூறு வீடு என்று வந்தவருக்கு ஆயிரத்து இருநூறு வீடு என்று சொல்லி அனுப்பினேன். ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு வீடு என்றாலும் 67 நாள். முடியாத வேலை இல்லை. ஆனால் நிதியில் பாதி பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்குமே போய்விடும்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் கேள்விகளில் இருக்கிறது. அவர் மொழிபெயர்த்து வைத்திருந்தது அமெரிக்க ஆய்வாளர் டேவிட் வில்லியம்ஸ் குழுவினர் 1997இல் வெளியிட்ட அன்றாடப் பாகுபாட்டு அளவுகோல். ஒன்பது கேள்விகள், உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். ஓட்டலிலோ கடையிலோ மற்றவர்களைவிட மோசமாகக் கவனிக்கப்படுகிறீர்களா என்பது அதில் ஒன்று. இங்கே டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்த காலத்தில் அந்தக் கேள்வி அம்புபோல் பாய்ந்திருக்கும். இப்போது பல கடைகளில் எல்லோருக்கும் காகிதக் கப் வந்துவிட்டது. யார் பெஞ்சில் உட்காருகிறார், யார் கப்பை வாங்கிக்கொண்டு நடந்தபடியே குடிக்கிறார் என்பதுதான் இன்றைய குவளை. பழைய கேள்விக்கு எல்லோரும் ‘இல்லை’ என்பார்கள். பாகுபாடு ஒழிந்தது என்று அட்டவணை சொல்லும்.

‘பிறர் உங்களைக் கண்டு பயப்படுவதுபோல் நடந்துகொள்கிறார்களா?’ என்பது இன்னொன்று. அமெரிக்கத் தெருவில் எதிரே வரும் கறுப்பின இளைஞனைக் கண்டு கைப்பையை இறுக்கிப் பிடிக்கும் பெண்ணை நினைத்து எழுதப்பட்ட கேள்வி அது. அங்கே அது காயம். இங்கே சில ஊர்களில் இதைக் கேட்டால் மீசையைத் தடவிக்கொண்டு ஆமாம் என்பார்கள். அதையும் பாகுபாட்டுக்கு ஆளானவர் கணக்கில் ஒரு மதிப்பெண்ணாக ஏற்றுவதா?

மரியாதை பற்றிய கேள்வியோ ஆங்கிலத்தில் மங்கலானது. நமக்கு அதைவிடக் கூர்மையான அளவுகோல் மொழியிலேயே இருக்கிறது. எழுபது வயதுக் கிழவரை மருந்துச்சீட்டு கொடுக்கும் இருபது வயதுப் பையன் ‘நீங்கள்’ என்று அழைத்தானா, ‘நீ’ என்று அழைத்தானா? வரிசையில் முன்னால் நின்றவரை ‘அண்ணாச்சி’ என்றவன் இவரை என்னவென்று அழைத்தான்? ஊசி போடும்போது கையைத் தொட்டுப் பிடித்தார்களா? பச்சிளங்குழந்தையைத் தூக்கி வந்து யார் கையில் கொடுத்தார்கள், கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்களா? இந்தக் கேள்விகளுக்கு யாரும் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பத்து வருடம் கழித்தும் நினைவிருக்கும். ஆனால் இவை எந்தச் சர்வதேச அளவுகோலிலும் இல்லை. நாமே உருவாக்க வேண்டும். உருவாக்குவதற்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது வழிக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தோம்.

அதற்கு முன் என் சொந்த அவமானம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் தெற்கே ஒரு கிராமத்தில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக வினாப்படிவ வேலைக்குப் போனேன். அனுமதி வாங்க ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தோம். வழிகாட்ட அவர் ஆள் ஒருவரை அனுப்பினார். காலனியில் ஐம்பது சொச்சம் வீடு; ‘ஊரில் உங்களை வேறுபடுத்தி நடத்துகிறார்களா?’ என்ற கேள்விக்கு ஒருவர்கூட ஆம் என்று சொல்லவில்லை. அந்த ஆள் வாசலில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஐம்பது சொச்சம் டிக் அடித்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸில் ஏறிவிட்டோம். அந்த அறிக்கை அச்சாகி எங்கேயோ இருக்கிறது.

உட்கார்ந்து கேட்கும் வழியின் பலம், ஒரு நோயைப் பிடித்துக்கொண்டு அதன் பாதையில் நடக்க முடிவது. ஒரு கர்ப்பிணியை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு எண் வாங்கியதிலிருந்து கிராம சுகாதாரச் செவிலியர், துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், சிக்கலானால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை என்று காகிதத்தில் ஒரு நேர்க்கோடு இருக்கிறது. உண்மையில் அந்தக் கோடு எங்கெங்கே வளைகிறது? செவிலியர் எந்தத் தெரு வரை வருகிறார், எந்த வாசலில் நின்று கூப்பிடுகிறார்? 108 வண்டி வீட்டு வாசலுக்கு வருமா, ஊர் முக்கு வரை நடந்து போக வேண்டுமா? ஸ்கேனுக்குப் போகும் நாளில் பீடிக் கூலி போகுமே, அந்த நாளை யார் முடிவு செய்கிறார்? முதல் பிரசவத்தில் கேட்ட ஒரு வார்த்தைக்காக இரண்டாவதற்கு அந்த ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று கடன் வாங்கித் தனியாரிடம் போன கதை எத்தனை? ‘அரசு மருத்துவமனையில் பிரசவம்’ என்ற கட்டத்தில் டிக் விழுந்தாலும் விழாவிட்டாலும் இந்த வளைவு தெரியாது.

இந்த வழியின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. இருபது குடும்பத்தின் கதையைக் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்தில் வைத்தால், ‘எங்கோ ஓரிரண்டு இடத்தில் நடந்திருக்கும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரிக்குப் பதில் சொல்ல எண்ணிக்கை வேண்டும். கதையில் வருபவர் யார் என்பதும் எளிதில் வெளிப்பட்டுவிடும். பெயரை மாற்றி, ‘முக்கூடல் அருகே ஒரு கிராமத்தில் இரட்டைக் குழந்தை பெற்ற பீடித் தொழிலாளி’ என்று எழுதினால் போதும், அந்தப் பகுதியில் ஒரு பஸ் நிறைய ஆள் அவரை அடையாளம் சொல்வார்கள். அவர் நாளைக்கும் அதே செவிலியரிடம்தான் போக வேண்டும்.

ஆனாலும் பீடி இந்த ஆய்வுக்கு ஒரு வசதியைக் கொடுத்திருக்கிறது. மூவரும் அதைக் கவனிக்கவில்லை. சாதி ஆய்வுக்கு எதிராக எப்போதும் எழும் கேள்வி, ‘இது சாதியா, வறுமையா?’ என்பது. இங்கே பீடி சுற்றுவது ஒரு சாதியின் வேலையாக இல்லை. மேலப்பாளையத்தில் முஸ்லிம் பெண்கள் சுற்றுகிறார்கள். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பல சாதிப் பெண்களும் சுற்றுகிறார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஒரே கூலி, மடியில் ஒரே சுளகு, மூக்கில் ஏறுவது ஒரே புகையிலைத் தூள், ஒரே கழுத்துவலி. வேலையும் வருமானமும் ஏறக்குறைய சமமாக இருக்கும் பெண்களில் தெரு மட்டும் வேறாக இருந்தால், இருமலோடு மருத்துவரிடம் போனபோது இரு தெருக்காரிக்கும் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வித்தியாசம் இருந்தால் அதை வறுமையின் தலையில் கட்ட முடியாது. இன்னொரு வசதியும் உண்டு: பீடி சுற்றும் பெண்ணிடம் பேச நேரம் ஒதுக்கித் தரச் சொல்ல வேண்டாம். கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வாய் சும்மாதான் இருக்கும். காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். சாயங்காலம் கடையில் பீடி ஒப்படைக்கும் நேரத்தில் போனால் முறைப்பார்கள்.

நான்காவது வழிக்கு வருகிறேன். மக்களைக் கூட்டாளிகளாக்கிச் செய்யும் ஆய்வு இன்று சமூகப்பணித் துறையில் மிகவும் மதிக்கப்படுகிறது. அதன் நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் இதைத் தமிழில் சொல்லும்போதே முதல் கல் தடுக்குகிறது. ‘சமுதாயப் பங்கேற்பு’ என்று எழுதினால் எங்கள் பக்கம் அதன் பொருள் என்ன தெரியுமா? சமுதாயம் என்றால் சாதி. ‘நம்ம சமுதாயத்து ஆள்’ என்றால் வேறு அர்த்தமே கிடையாது. சமுதாயக் கூட்டம் என்று கூப்பிட்டால் சங்கத்துத் தலைவர் வெள்ளை வேட்டியோடு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவார். பெண்கள் பின்னால் நிற்பார்கள். அதே காலனிக்குள் இன்னும் தாழ்த்தி வைக்கப்பட்ட மூன்று வீடு இருந்தால் அவர்களை யாரும் கூப்பிடவே மாட்டார்கள்.

மூவரில் ஒரு பெண்ணுக்குப் புகைப்பட முறையில் ஆசை. தொண்ணூறுகளில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் சீனாவின் யுனான் மாகாணத்துக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து அவர்கள் வாழ்க்கையை அவர்களையே படமெடுக்கச் சொன்னார்கள். அதிலிருந்து வளர்ந்த முறை. அருமையான முறை, கேமரா ஒரு பெட்டிக்குள் இருந்த காலத்தில். இங்கே இன்று படம் எடுத்த அடுத்த நிமிடம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறும். டீக்கடைப் பெஞ்சில் யார் உட்கார்ந்தார்கள் என்ற ஒரு படம் போதும், இரவுக்குள் ஊர் முக்கில் போலீஸ் வேன் நிற்க. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் வீடு புகுந்து வெட்டப்பட்டதற்குப் பிறகும், அதையொட்டி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கை வந்த பிறகும், இளைஞர்கள் கையில் கேமராவைக் கொடுத்துச் ‘சாதியைப் படமெடு’ என்று அனுப்ப எனக்குத் துணிவில்லை. கோழைத்தனம் என்று அந்தப் பெண் சொன்னார். இருக்கலாம்.

எந்த வழியில் போனாலும், கேட்பவர் யாரோடு போகிறார் என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிறது. இங்கே புதியவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி ‘எந்த ஊர்?’, இரண்டாவது ‘ஊரில் எந்தப் பக்கம்?’. விசாரிக்கப் போன நாம்தான் முதலில் விசாரிக்கப்படுகிறோம். நம் பதிலை எடைபோட்டுத்தான் அவர்கள் பதில் வரும். நடுநிலை ஆய்வாளர் என்று ஒருவர் இந்தத் திண்ணைகளில் இல்லை.

துணைக்கு யார் என்பது அதைவிட நுட்பம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலரையோ கிராமச் செவிலியரையோ கூட்டிக்கொண்டு போவது எளிது; வீடும் தெரியும், ஆளும் தெரியும். இங்கேதான் நான் டஸ்கீகியை நினைவூட்டினேன். 1932 முதல் 1972 வரை அலபாமாவில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 600 கறுப்பின ஆண்களை வைத்து நடத்திய ஆய்வு. அதில் 399 பேருக்கு மேகநோய் (சிபிலிஸ்). பெனிசிலின் வந்து 1947 வாக்கில் எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சையான பிறகும் அவர்களுக்குக் கொடுக்காமல் நோய் எப்படி வளர்கிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களைத் திரும்பத் திரும்ப அழைத்து வந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினச் செவிலியர். அவர்களின் சொந்த ஆள், காரில் கூட்டிவருவார், நலம் விசாரிப்பார். அந்த நம்பிக்கைதான் நாற்பது வருடம் ஆய்வை நடத்திக் கொடுத்தது. நம் ஊர்ச் செவிலியர்கள் அப்படிப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்ததைப் பற்றிப் பேச வேண்டிய பெண், அதே நிலையத்தின் ஆள் பக்கத்தில் நிற்கும்போது என்ன பேசுவாள்?

ஒப்புதல் கையெழுத்தும் அப்படித்தான். ஆய்வுக்கு எழுத்துப்பூர்வ ஒப்புதல் அவசியம். ஆனால் பீடிக்காரப் பெண்களிடம் தாளை நீட்டினால் முதலில் வரும் கேள்வி, ‘எந்தக் குழு?’ குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுப் போட்டு அலுத்தவர்கள். முதல் நாளே தாளை நீட்டாமல், வாயால் விளக்கி, வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வாரம் கொடுத்துவிட்டு, பிறகு கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவது மேல். நெறிமுறைக் குழுவுக்கும் அப்படியே எழுதிக் கொடுக்கலாம், நியாயமானவர்கள் ஏற்பார்கள்.

காரையாறு, சேர்வலாறு பக்கத்துக் காணி மக்களையும் சேர்க்கலாமே என்று கடைசியில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி வாங்கி நுழைய வேண்டும். குடும்பங்கள் மிகச் சில. அவர்களின் சிக்கல் காட்டின் எல்லையும் பாதையும் மருத்துவமனையின் தூரமும். அது தனி ஆய்வு. அறிக்கைக்கு அழகாக ஓர் அத்தியாயம் கிடைக்கும் என்பதற்காக மலையேறக் கூடாது.

என் முடிவு இதுதான்: முதல் ஐந்து மாதம் உட்கார்ந்து கேட்பது. பீடி சுற்றும் இருபத்தைந்து வீடு, குறைந்தது நான்கு தெரு, அதில் ஒன்றாவது சாதி ஏணியில் நடுவில் இருக்கும் தெரு; அடியிலிருப்பவர்களை மட்டும் கேட்டால் ஒப்பீடே இல்லை. அதிலிருந்து பிறக்கும் பத்துப் பதினைந்து கேள்விகளை வைத்து, பணம் மிஞ்சினால், அடுத்த மூன்று மாதத்தில் வினாப்படிவம். ஆயிரத்து இருநூறு வீடு முடியாதென்றால் அறுநூறு. ஆனால் அப்போது சிறிய வித்தியாசங்களைப் பற்றி வாய்திறக்கக் கூடாது. மக்களின் பங்கை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். கேள்விகளை எழுதும்போது அந்தப் பெண்கள் கூட இருக்க வேண்டும். அறிக்கை வெளியே போவதற்கு முன் அவர்கள் தெருவிலேயே, பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில், வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் எடுக்கச் சொன்னதை எடுத்துவிட வேண்டும், அது எவ்வளவு நல்ல பத்தியாக இருந்தாலும்.

வினாப்படிவக்காரருக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. கையில் எண் இல்லாமல் எட்டு மாதம் கழிவதை அவரால் தாங்க முடியவில்லை. போன வாரம் போனில் அழைத்து, எப்போது தொடங்கலாம் என்று மட்டும் கேட்டார். கோயில் கொடை நடக்கும் வாரங்களில் எந்த ஊருக்குள்ளும் போக வேண்டாம். வரியிலும் ஊர்வலப் பாதையிலும் தகராறு எழும் நேரம் அது, புதுமுகத்தைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். பிசானப் பருவ நெல் நடவு முடிந்து வயல் வேலை தணியட்டும். முதல் இரண்டு வாரம் நோட்டுப் புத்தகம் எடுத்துப் போக வேண்டாம். சுளகின் பக்கத்தில் உட்கார்ந்து பீடி இலை வெட்டிக் கொடுத்தால் போதும் என்றேன். இலை வெட்டத் தெரியாதே என்றார். அதைத்தான் முதல் வாரம் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன்.